அட்டை வீடுகளையும் இடித்தார்கள்

பல் செட் செய்யும் லேபில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊரில் பல பேர் அவள் கையால் செய்த பல்லை வைத்துத்தான் மென்றார்கள், சிரித்தார்கள், வீட்டில் சண்டை போட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. மருத்துவர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவள் மெழுகில் ஈறு கட்டி, பல்லை வரிசையாக நட்டு, வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவாள். பெயர் வரவில்லையே என்று அவள் ஒருநாளும் குறைபட்டதில்லை. அவள் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதும் இல்லை. அப்படிப்பட்டவள் நகர நூலகத்தில், நடுக்கூடத்தில், கயிற்றைத் தாண்டிப் போய், விழாவுக்காக விரித்திருந்த புல்தரையைப் பிய்த்து எறிந்தாள் என்றால் சும்மா எறிந்திருக்க மாட்டாள்.

ரயில் அந்த வீட்டுக்குள் வந்தது அவள் கணவரால். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு குட்டி ரயில் எஞ்சினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். ஒரு சக்கரம் இல்லை.

"இதை வச்சு என்னங்க பண்றது?" என்று கேட்டாள்.

"நாள் பூரா ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சுத் தோள்பட்டையே போச்சு. ஸ்டியரிங்கே இல்லாத வண்டி ஒண்ணு ஓடுறதைக் கண்ணால பாத்துக்கிட்டுச் சும்மா உக்காரணும் போல இருந்துச்சு" என்றார்.

அவள் எஞ்சினை லேபுக்கு எடுத்துப் போனாள். வேலை முடிந்ததும், இருக்கிற சக்கரத்தில் அச்செடுத்து, பல்லுக்கு ஊற்றும் அக்ரிலிக்கில் இன்னொன்றை வார்த்துப் பொருத்தினாள். வண்டி கொஞ்சம் நொண்டியது. ஆனால் ஓடியது. அன்றைக்குப் பிடித்தது அந்தக் குடும்பத்துக்கு ரயில் பைத்தியம்.

தட்டுமுட்டுச் சாமான் அடைத்திருந்த பின்னறை காலியாயிற்று. மேசைகள் மேல் பிளைவுட் பலகைகளைப் பரப்பித் தண்டவாளம் போட்டார்கள். ஒரு பலகை கதவுக்குக் குறுக்கே வந்துவிட்டதால், யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருந்தாள். மின்சாரக் கம்பி வேலை முழுவதும் அவள் பொறுப்பு என்பதால் அப்பா அவளை 'ஒயரு' என்றே கூப்பிட்டார். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டாள். காலிரண்டு மட்டும் வெளியே தெரியும். மாமனார் தையல்காரராக இருந்து ஓய்வெடுத்தவர். ரயிலுக்கும் அவருக்கும் டிக்கெட் எடுத்த சம்பந்தத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. இருந்தாலும் நிலைய அறிவிப்பாளர் வேலையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எஞ்சினுக்குச் சளி பிடித்திருப்பதால் வண்டி தாமதமாக வந்து சேரும். சிரமத்துக்கு என் மருமகளே முழுப் பொறுப்பு."

பல்லக்கா கையில் இருக்கிற தூரிகையை அவர் மேல் எறிவாள். ஓட்டுநர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வாய் திறந்தபடி, வண்டி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் அத்தனை பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டிருப்பது அந்த ரயிலால்தான் நடந்தது.

மலையும் சுரங்கமும் பல்லக்காவின் கைவேலை. லேபில் மிஞ்சிய பிளாஸ்டரில் மலையை எழுப்பினாள். சுரங்கத்தின் வாயைச் சுற்றி, மிஞ்சிய ஈறு நிற அக்ரிலிக்கைப் பூசினாள். "அம்மா, மலை கொட்டாவி விடுதும்மா" என்றாள் மகள். அதற்குமேல் அதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

மலைக்கு இந்தப்பக்கம், தண்டவாளத்தை ஒட்டி, ஒரு வரிசை வீடுகளை வைத்தாள். அட்டையில் சுவர். மாத்திரைப் பட்டையின் வெள்ளித்தாளை நகத்தால் வரிவரியாக அழுத்தித் தகரக் கூரை. கூரை பறக்காமலிருக்க மேலே கற்கள். வீட்டுக்கு வீடு இழுத்துக் கட்டிய கொடியில் துணி காய்ந்தது. அந்தச் சட்டை பாவாடைகளை மாமனார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு தைத்துக் கொடுத்தார். ஒரு தண்ணீர்க் குழாய், அதன் முன்னால் குடங்கள். கடைசி வீட்டு வாசலில் ஒரு துணி தேய்க்கிற மேசை, பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பியில் செய்தது. அதன் மேல் மிளகு அளவில் ஒரு கரி இஸ்திரிப் பெட்டி.

அது அவள் பிறந்து வளர்ந்த வரிசை. அவள் அம்மா துணி தேய்த்துப் பிழைத்தவள். "அந்த இடம் இப்ப எங்க?" என்று கேட்டால், "ரெண்டாவது ரயில் லைன் போடறப்ப இடிச்சுட்டாங்க" என்பாள். அதற்குமேல் அவள் சொன்னதுமில்லை, வீட்டில் யாரும் கிளறியதுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகர நூலகத்தில் குழந்தைகளுக்கென்று புதிதாக ஒரு கூடம் கட்டினார்கள். யார் மூலமோ கேள்விப்பட்டு நூலக மேலாளர் வீட்டுக்கே வந்தார். மென்மையான மனிதர், குனிந்து உள்ளே வரும்போதுகூட கதவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்தார். ரயிலைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார். "கொஞ்ச காலத்துக்கு எங்ககிட்ட கொடுங்க. ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பாக்கட்டும்" என்றார். வீடே கூடிப் பேசி, சந்தோஷமாகச் சம்மதித்தது. பலகை பலகையாகக் கழற்றி, வேனில் ஏற்றி, புதுக் கூடத்தின் நடுவில் மறுபடி பொருத்தினார்கள். தண்டவாளத்தில் தூசு படிந்தால் மின்சாரம் ஏறாது. அதனால் பல்லக்கா அவ்வப்போது வந்து துடைத்துவிட்டுப் போவதென்று பேச்சு.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்னால் அப்படித் துடைக்க வந்தவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தப்பான பக்கத்தில் நிற்கிறோமோ என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மலை இருந்தது. சுரங்கம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. வீடுகளைக் காணோம். குழாயைக் காணோம். கொடியைக் காணோம். அந்த இடம் முழுக்கப் பச்சைப் பஞ்சு ஒட்டிப் புல்தரை போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஊஞ்சல். ஏதோ பொம்மைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது. அதில் உட்கார்ந்திருந்த பொம்மைப் பிள்ளை எழுந்து நின்றால் எஞ்சினைத் தாண்டிப் போய்விடுவான். பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"வாங்கம்மா. பாத்தீங்களா? எப்படி வந்திருக்கு?" என்றார் அவர்.

"வீடுங்க எங்க சார்?"

"எந்த வீடு? ஓ, அந்தக் குடிசைங்களா?"

"குடிசை இல்ல. வீடு."

"சரி, வீடு. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. திறப்பு விழாவுக்கு மேயர் வர்றார். பேப்பர்காரங்க படம் எடுப்பாங்க. குழந்தைங்க பாக்கிற இடம் வேற. கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு…"

"என்னைக் கேட்டீங்களா?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல கேட்டேனே! அவர் சரின்னு சொன்னாரே."

"செஞ்சது நான். கேட்டது அவரையா?"

"குடும்பமாச் செஞ்சதுதானேம்மா" என்று அவர் சிரித்தார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அந்த மனிதர் கொடுத்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை.   தண்ணீரைத் தொடாமல் வெளியே வந்தாள். கூட்டிப் பெருக்குகிற பெண்மணிதான் பரிதாபப்பட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறையைத் திறந்து காட்டினாள். பழைய பத்திரிகைகளுக்கும் துடைப்பக் கட்டைகளுக்கும் நடுவில் ஒரு அட்டைப்பெட்டி. மேலே யாரோ பெயின்ட் டப்பாவை வைத்திருந்தார்கள். பாதி வீடுகள் நசுங்கியிருந்தன. கொடி அறுந்து, குட்டிச் சட்டைகள் சுருண்டு கிடந்தன. தேய்க்கிற மேசை இல்லவே இல்லை. முழங்காலில் உட்கார்ந்து தரையெல்லாம் தடவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். வந்து நின்றது அவள் கணவர் ஓட்டுகிற பேருந்து.

"அட, நீயா? வா வா" என்றார் அவர் கண்ணாடியில் பார்த்து.  அவள் அவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். 'ஓட்டும்போது ஓட்டுநரிடம் பேச வேண்டாம்' என்று கண்ணெதிரே எழுதியிருந்தது. அந்த விதியை அத்தனை ஒழுங்காக அந்தப் பேருந்தில் அதுவரை யாரும் மதித்திருக்க மாட்டார்கள். நிறுத்தம் நிறுத்தமாக அவர் கண்ணாடியைப் பார்ப்பதும், அவள் ஜன்னலைப் பார்ப்பதுமாகப் போயிற்று. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கி, அவர் எஞ்சினை அணைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"போன்ல அந்த ஆளு உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

"எந்த ஆளு? ஓ, அந்த லைப்ரரி சாரா? 'கொஞ்சம் பச்சை சேத்துக்கலாமா'ன்னாரு. மரம் கிரம் வைப்பாங்கன்னு நெனச்சு சரின்னேன்."

"எதை எடுத்துட்டு வைப்பீங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

அவள் பெட்டியைத் திறந்து காட்டினாள். அவர் முகம் விழுந்துவிட்டது. அதோடு வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பார். ஆறுதல் சொல்கிறேன் என்று, "சரி விடும்மா, புதுசா செஞ்சுக்கலாம். அட்டைதானே" என்றார்.

அவள் பெட்டியை இருக்கையில் வைத்தாள்.

"எங்க வரிசையை இடிக்க அன்னைக்கு வந்த ஆபீசரும் இதைத்தான் சொன்னான். 'எதுக்கும்மா அழறே, தகரந்தானே'ன்னு. எங்கம்மா அப்ப ஒருத்தர் சட்டையைத் தேச்சுக்கிட்டிருந்தாங்க. 'சட்டை ஊரான் சொத்து, அதை முடிச்சுக் கொடுத்துடறேன், அதுவரைக்கும் நில்லுங்கய்யா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நிக்கல. கூரை விழுந்தப்பவும் அவங்க இஸ்திரிப் பெட்டியைக் கீழ வைக்கல. சூட்டுப் பெட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, யார் மேலயும் பட்டுடக் கூடாதுன்னு சுவரோரமா ஒதுங்கி நின்னாங்க. வீட்டை இடிக்கிறவன் மேல படக் கூடாதுன்னு! நான் பக்கத்துல நிக்கறேன். அந்தப் பெட்டியைப் பிடுங்கி அவன் கால்ல போடலையேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு எரியுது. இப்ப சொல்லுங்க. அட்டைதானா?"

காலிப் பேருந்தில் அவள் குரல் முன்னும் பின்னும் மோதியது. நடத்துநர் படியில் ஏறவந்தவர் அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் ஓட்டுநர், மெதுவாக.

"நீங்க கேக்கவும் இல்லியே."

அன்று மாலை வீட்டில் அடுப்பைவிட மனிதர்கள் சூடாக இருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் மாமனார் துள்ளி எழுந்தார். "நான் தைச்ச சட்டையைச் சுருட்டிப் போட்டானா? ஐஸ்கிரீம் வண்டியா வச்சான்? எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டு வந்துடுவோம், வேனைக் கூப்பிடு!" என்றார். மகள், "எடுத்துட்டு வந்தா அவங்களுக்கு வசதியாப் போயிடும் தாத்தா. வீட்டைத் திருப்பி அதே இடத்துல வைக்கணும்" என்றாள். பல்லக்காவுக்கு அதுதான் சரியென்று பட்டது. நசுங்கிய சுவர்களை மகள் நிமிர்த்தினாள். மாமனார் புதுக் கொடி கட்டினார். ஓட்டுநர் யாரும் சொல்லாமலே பசையை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வீடு செய்தார். இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. "பரவால்ல, எங்க வரிசையில நேரா நின்ன வீடே கிடையாது" என்றாள் அவள். கோபத்துக்கு நடுவில் அது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த நல்ல வார்த்தை. தேய்க்கிற மேசையை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. லேபுக்குப் போய், நல்ல கம்பியாக எடுத்து, தானே வளைத்தாள்.

விழா அன்று காலை நால்வரும் நூலகத்துக்குப் போனார்கள். கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயிலைச் சுற்றி இப்போது ஒரு பட்டுக் கயிறு. பெட்டியைப் பார்த்ததுமே மேலாளருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, விழா முடியட்டும். முடிஞ்சதும் நானே வச்சுத் தர்றேன்."

"லைன் போட்டு முடிஞ்சதும் வேற இடம் தர்றோம்னு எங்களுக்கும் சொன்னாங்க சார். லைன் போட்டாச்சு. ரயிலும் ஓடுது. இடம் இன்னும் வரல."

"அதுக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதேதான் நானும் கேக்கறேன். உங்களுக்கு என்ன சம்பந்தம்? எதுக்குக் கை வச்சீங்க?"

அவர் உதவிக்கு ஓட்டுநரைப் பார்த்தார். "சார், நீங்கதானே சரின்னு சொன்னீங்க?"

ஓட்டுநர் பணி உடையில் நின்றார். மதியம் வண்டி எடுக்க வேண்டும். பயணிகளிடம் குரல் உயர்த்தாத மனிதர், அன்றும் உயர்த்தவில்லை. "சொன்னேன் சார். அது என் வாய்ல இருந்து வந்திருக்கக் கூடாத 'சரி'. திருப்பி எடுத்துக்கறேன்" என்றார்.

அவள் அதற்குள் கயிற்றைத் தாண்டியிருந்தாள். பச்சைப் பஞ்சின் ஓரத்தில் விரலை விட்டு இழுத்தாள். நன்றாக ஒட்டியிருந்தார்கள், டர்ரென்று கிழிந்து வந்தது. இன்னொரு முறை இழுத்தாள். ஊஞ்சலையும் ஐஸ்கிரீம் வண்டியையும் பிடுங்கி மேலாளரின் கையில் வைத்தாள். நாற்காலி போடுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மகள் வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மாமனார் கொடியைக் கட்ட, ஓட்டுநர் பசை டியூபை ஏந்திக்கொண்டு நிற்க, தண்டவாளத்து ஓரத்தில் அந்த வரிசை மறுபடி எழுந்தது. வாசலில் கார் சத்தம் கேட்டபோது, பல்லக்கா கடைசி வீட்டின் முன்னால் மேசையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மேயர் வந்தார். ரிப்பனை வெட்டினார். மகள் சுவிட்சைப் போட்டாள். ரயில் வீடுகளை உரசிக்கொண்டு போனது. மாமனார் மூக்கைப் பிடிக்காமல், கம்பீரமாகவே அறிவித்தார். மேயர் குனிந்து, "அடடே, ரயிலு! ஓடுது பாருங்க!" என்றார். மலையைக் காட்டி, "இது என்ன, எரிமலையா?" என்று கேட்டார். அவரே சிரித்துக்கொண்டார். படம் எடுத்தார்கள். போய்விட்டார். வீடுகளை அவர் பார்க்கவே இல்லை.

வீடுகளைப் பார்த்தால் மேயர் முகம் சுளிப்பார் என்றுதானே இத்தனையும் செய்தார்கள்? அந்த மனிதர் முகத்தைச் சுளிக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. பல்லக்காவுக்கு அதுதான் உச்சந்தலைக்கு ஏறியது. அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தபோது, மேயரின் வயிறு அந்த வரிசையை முழுசாக மறைத்திருந்தது. "மூணாவது தடவையும் இடிச்சுட்டான்" என்று பத்திரிகையை மடித்து எறிந்தாள்.

விழா அன்றே, கூட்டத்தில் ஒரு அம்மாள், கையில் பிள்ளையோடு, "குழந்தைங்க பாக்கிற இடத்துல எதுக்கு இந்தக் குப்பையெல்லாம்?" என்று பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தார். பல்லக்காவுக்குக் காதில் விழுந்தது.

"அந்த வீடுகள்லயும் குழந்தைங்க இருந்தாங்கம்மா. அதுல ஒருத்தி நான்" என்றாள்.

அந்த அம்மாள் வேறு பக்கம் பார்த்தார். பிள்ளை மட்டும் தேய்க்கிற மேசையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவள் மேலாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அந்த இடத்தில் இப்படி வீடுகள் இருந்தன, மனிதர்கள் இருந்தார்கள் என்று சின்னதாக ஒரு பலகை எழுதி வைக்க வேண்டும்.

"நூலகத்துல எதை எழுதி வச்சாலும் குழு கூடித்தான்மா முடிவு பண்ணணும்" என்றார் அவர்.

"வீட்டைப் பிடுங்கறதுக்குக் குழு கூடுச்சா?"

 குழு கூடும் என்று அவர் அந்த வாரமும் சொன்னார், அதற்கடுத்த வாரமும் சொன்னார். துடைக்கப் போகிற ஒவ்வொரு முறையும் அவள் கேட்டாள். அவர் ஒவ்வொரு முறையும் நாற்காலியைக் காட்டினார். கடைசியில் மாமனார் ஆசைப்பட்டபடியே வேன் வந்தது. மேலாளர் வாசல்வரை வந்து, "பிள்ளைங்க ஏமாந்து போவாங்கம்மா" என்றார். அது அவளுக்கும் வலித்தது. ஆனால் அந்த வலிக்கும் அவரைத்தான் நொந்துகொண்டாள்.

ரயில் பின்னறைக்குத் திரும்பியது. பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைத் திறந்துவைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு தெரியாத தெருக்களிலிருந்தும் வந்தார்கள். பிள்ளைகளுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. நேராகவே உள்ளே போனார்கள். ஓட்டுநர் தன் முக்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். யார் வந்தாலும் முதலில் அவர் காட்டுவது எஞ்சினை அல்ல, கடைசி வீட்டை. "இது எங்க வீட்டம்மா வளந்த வீடு" என்பார். ஒவ்வொரு முறையும் பல்லக்கா, "போதும், கம்முனு இருங்க" என்பாள். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கு அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலக மேலாளர் தன் மனைவியோடும் மகளோடும் வந்து நின்றார். குழந்தை ரயில் கேட்டு அடம் பிடித்ததாம். பல்லக்கா கதவை மறிக்கவில்லை. அவர் மனைவிக்கும் குழந்தைக்கும் முகம் கொடுத்துப் பேசினாள். அவருக்கும் சேர்த்துத்தான் டீ போட்டாள். ஆனால் அவரோடு பேசவில்லை. ரயில் ஒரு சுற்றுப் போய் வந்தது. சும்மா நிற்க முடியாமல் அவர், "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

"எது?"

"மலை. சுரங்கம். எல்லாமே." கொஞ்சம் தயங்கி, அவள் பார்வையைத் தொடர்ந்து தண்டவாளத்து ஓரத்துக்கு வந்தார். குனிந்தார். கொடியை, குழாயை, கூரைமேல் கல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் அந்த வரிசையை அத்தனை கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. பார்க்காமலே எடுத்துப் போட்டிருக்கிறார்.

"வீடுகளும் நல்லா இருக்கு" என்றார்.

"அது என்ன 'வீடுகளும்'? அந்த 'உம்' எதுக்கு சார்?"

மேலாளர் நிமிர்ந்தார். அவர் மனைவி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயைப் பார்த்தார். மாமனார் அறிவிப்பை நிறுத்திவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"வீடுகள் நல்லா இருக்கு" என்றார் மேலாளர்.

"ஆறிடப் போகுது, டீயைக் குடிங்க" என்றாள் பல்லக்கா. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை.